கங்கா அவென்யூ கண்காணிப்புக் கிணறு

"அக்கா, உங்க வீட்டு வாசல்ல கவர்மென்ட்டு குத்தின ஓட்டை வழியாத்தான் எங்க வீட்டுத் தண்ணி பூரா ஒழுகிப் போச்சு. ஒண்ணு அந்த ஓட்டையை அடைங்க, இல்லைன்னா உங்க மோட்டார்ல இருந்து எங்களுக்கு ஒரு குழாய் குடுங்க."

காதில் விழுந்ததா அம்மா? இதே வாக்கியம்தான், ஒரு எழுத்து மாறாது. காலையில் பால் வாங்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது ஒரு தடவை. எதிர்வீட்டுக் கோகிலவாணி. பள்ளிக்கூடத்தில் இப்படி மனப்பாடம் பண்ணியிருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பாள். "ஆபீசர் வந்திருக்காங்க, அப்புறம் வந்து சண்டை போடு"ன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்க உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது என் வீட்டுக்காரருடையது, ஒரு கால் ஆடும். அவரும் அப்படித்தான். இதில் உட்காருங்க.

அளவு எடுத்து முடித்து, டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்று ஒரு கேள்வி கேட்டீங்களே, "மேடம், இந்த மே மாசத்துல மட்டும் கிணத்துல தண்ணி வாய் வரைக்கும் இருந்திருக்கு, அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல, எப்படி?" என்று. நல்ல கேள்வி. புதுசாக வந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் கேட்கத் தோன்றும். உங்களுக்கு முன்னால் இருந்த அருளானந்து சார் கேட்கவே இல்லை. சொல்கிறேன். கை கழுவணுமா? அந்தச் சொம்பில் இருக்கிறது. பார்த்து, கறிவேப்பிலைச் செடி மேலேயே கழுவுங்க. அதற்கும் இன்றைக்கு அவ்வளவுதான்.

அருளானந்து சார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வியாபாரம் தெரியாதவர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இங்க ஒரு கண்காணிப்புக் கிணறு போடப் போறோம். தண்ணி எடுக்கறதுக்கு இல்ல. பூமிக்கு அடியில தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு மாசா மாசம் பார்த்து, ஜில்லா முழுக்க வரைபடம் போடறதுக்கு" என்றார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை. கிணற்றை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள், கண்காணிக்க என்று கேட்டார் எங்கள் சங்கத் தலைவர். அவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர்.

அடுத்தது, எங்கே போடுவது. தலைவர் வீட்டு முன்னால் என்றால் அது அக்னி மூலையாம், அங்கே பள்ளம் விழுந்தால் வீட்டு ஆம்பளைக்கு ஆகாதாம். ஆடிட்டர் வீட்டுக்குக் குபேர மூலை. கோகிலவாணி வீட்டுக்குக் கன்னி மூலை. எங்கள் தெருவில் எல்லோரும் படித்தவர்கள். படித்தவர்கள் வீட்டில்தான் மூலைகள் அதிகம். கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஈசானிய மூலையில், காம்பவுண்டுக்கு வெளியே அந்தக் காலி இடம்தான் மிச்சம். ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் விசேஷம். நான் கையைத் தூக்கினேன். பொதுநலம்தான், வேறென்ன?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "வசு, அவங்கதான் தண்ணி எடுக்க மாட்டோம்னு சொல்றாங்களே, நமக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர், விளம்பரத்தையும் பத்திரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. "நம்ம வாசல்ல அரசாங்கச் செலவுல கிணறு வெட்டினா அந்தத் தண்ணி யார் வீட்டுக்கு வரும், அசோகச் சக்கரவர்த்தி வீட்டுக்கா?" என்று கேட்டேன். பேப்பரைப் பிரித்தார்.

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற வண்டி வந்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். சாமி அறையில் பிள்ளையார் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். நான் அன்றைக்குத்தான் திரைச்சீலையெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தேன், எல்லாம் சிமென்ட் மூட்டை மாதிரி ஆகிவிட்டது. அது போகட்டும். உங்கள் ஆள் என்ன செய்தார் தெரியுமா? பத்தடிக்கு ஒரு தரம் உள்ளேயிருந்து வரும் கல்தூளை ஒரு கை அள்ளி, கோணிச்சாக்கு விரித்து அதில் வரிசையாகக் குவியல் குவியலாக வைத்தார். சிவப்புமண், பழுப்பு, சாம்பல், கறுப்பு. பாறைக்கு உள்ளே எந்த ஆழத்தில் என்ன கல் என்று அதைப் பார்த்துத்தான் தெரியுமாம். வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கடைசியிலிருந்து மூன்றாவது குவியல் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது, பளிங்கு மாதிரி. வெள்ளிக்கிழமை. வீட்டில் கோலமாவு தீர்ந்து போயிருந்தது. கடையில் கோலப்பொடி என்று விற்பதில் முக்கால்வாசி சுண்ணாம்பு. நான் அந்தக் குவியலை அள்ளி, அழகாக ஒரு சிக்குக்கோலம் போட்டேன். மற்ற குவியல்களை என் வீட்டு வேலைக்கார முத்துப்பேச்சி, வாசல் பெருக்கும்போது ஒன்றாகக் கூட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வாசல் சுத்தமாக இருக்கணும் என்று பழக்கியதே நான்தான். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா, பெஞ்சுக்கு அடியில் ஒரு பென்சில் சீவல் கிடந்தால்கூட விரலில் அடிப்பார்.

சார் டீ குடித்துவிட்டு வந்தார். சாக்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மேடம், இங்க வரிசையா இருந்த தூள்…" என்றார். முத்துப்பேச்சி முறத்தைக் காட்டினாள், நான் கோலத்தைக் காட்டினேன். அவர் என் கோலத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரத்தில் ஒரு சிட்டிகை கிள்ளி, பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். என் கோலத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

"மேடம், இது எந்தக் குவியல்?"

"கடைசியிலிருந்து மூணாவது."

அவர் முகம் மலர்ந்தது. "இதான் மேடம் விஷயம். இந்த வெள்ளைக் கல்லு ஓடற எடத்துலதான் பாறை வெடிச்சிருக்கு. இந்தத் தெருவுக்குத் தண்ணி வர்ற வழி இது ஒண்ணுதான். ரொம்பக் கொஞ்சம். இந்த ஆழத்துல யாரும் கை வைக்காம இருந்தா, மேல இருக்கற உங்க போரெல்லாம் இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார்.

இதற்குமேல் ஒரு மனுஷர் எப்படித் தெளிவாகச் சொல்ல முடியும்? நான் கான்வென்ட்டில் படித்தவள், எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். எந்த ஆழம் என்று குறித்துக்கொண்டேன்.

கிணறு முடிந்தது. தெருவே குடத்தோடு வந்து வரிசையில் நின்றது. சார் இரும்பு மூடியைப் போட்டுப் பூட்டினார். கோகிலவாணி, "பூட்டி வைக்கறதுக்கு எதுக்கு சார் கெணறு, பீரோ வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் புத்தியோடு பேசினாள். சாவியை என்னிடம் கொடுத்தார். "மேடம், தெருவுல பொறுப்பானவங்க நீங்கதான், அளவு எடுக்க வரும்போது வாங்கிக்கறேன்" என்றார். அது உண்மைதானே.

அந்த வாரமே அதே வண்டியைக் கூப்பிட்டேன். புது போர் போடவில்லை அம்மா, அப்படி எழுதிவிடாதீங்க. இருக்கிற போரைக் கொஞ்சம் ஆழப்படுத்தினேன். அந்த வெள்ளைக் கல் வரைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வந்தது, தேங்காய்த் தண்ணீர் மாதிரி. முத்துப்பேச்சி போய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா, நாலு வீட்டில் சொன்னாள். உடனே ஆடிட்டர் ஆழப்படுத்தினார். தலைவர் ஆழப்படுத்தினார். நான் ஒன்று செய்தால் இவர்களுக்கும் அது வேண்டும். ஒரே ஒரு வெடிப்பில் தெரு முழுக்க உறிஞ்சினால் எப்படித் தாங்கும், சொல்லுங்க? கொஞ்சமாவது சமூகப் பொறுப்பு வேண்டாமா? கோகிலவாணி வீட்டில் மட்டும் ஆழப்படுத்தவில்லை, அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்து சம்மதம் தரவில்லை. அவள் போர்தான் முதலில் வற்றியது. அந்தக் கோபத்தைக் கண்காணிப்புக் கிணற்று மேல் காட்டுகிறாள். விஞ்ஞான அறிவு கிடையாது.

அருளானந்து சார் மாசா மாசம் வருவார். டேப்பை விடுவார், எடுப்பார், முகம் சுருங்கும். "எறங்கிக்கிட்டே போகுது மேடம்." அவ்வளவுதான். ரத்தக்கொதிப்பு ஏறுது ஏறுது என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதாத டாக்டர் மாதிரி.

காபி ஆறுகிறது, குடிங்க. தண்ணீர் கேன் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம்.

இப்போது மே மாசத்துக்கு வருகிறேன். என் பெண் சாருலதாவைக் கும்பகோணத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கௌசிக், வீட்டில் உட்கார்ந்தே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷர். அவருடைய அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நாலு பேரிடம் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. சித்திரையில் சாருவுக்கு நாள் தள்ளிப்போன செய்தி வந்தது. ஸ்வீட்டும் பூவுமாக ஓடினோம். அந்த அம்மா காபி கொடுத்து, உட்கார வைத்து, எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தது.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பிரசவத்தை இங்கயே வச்சுக்கலாம்னு பார்க்கறோம். உங்க ஊர்ல தண்ணியே கெடையாதாமே. எங்க ஊர்ல பசுமாடுகூடத் தண்ணி இல்லாத தொழுவத்துல கன்னு போடாது."

"எங்க வீட்ல மாடு இல்லீங்க சம்பந்தியம்மா, மனுஷங்கதான் இருக்கோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சமாதானம் பண்ணுகிறேன் என்று கம்ப்யூட்டரைத் திறந்து, உங்கள் இலாகா போடுகிற வரைபடத்தை எடுத்தார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜில்லாவைப் பெரிசாக்கினார், ஊரைப் பெரிசாக்கினார், எங்கள் தெருவில் கொண்டு வந்து நிறுத்தினார். ஆரஞ்சுச் சிவப்பு. "அத்தை, இன்னும் ஒரு அளவு எறங்கினா முழுச் சிவப்பாயிடும். மே மாசக் கடைசியில எடுக்கறதுதான் முக்கியமான அளவாம். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்றார். அந்த அம்மா எழுந்து போனது. கொல்லைக் குழாயைத் திறந்து, எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு வாழை மரத்துக்குத் தண்ணீர் விட்டது.

முதல் பிரசவம் தாய் வீட்டில் இல்லாமல் எங்கே அம்மா நடக்கும்? ஊர் என்ன சொல்லும்? பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள், அவள் படுக்க ஒரு இடம், குளிக்க ஒரு அண்டா வெந்நீர் கொடுக்க வக்கில்லை என்று சொல்லாதா? பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

டேங்கர் லோகு எங்களுக்கு வழக்கமாகத் தண்ணீர் அடிப்பவன். அருளானந்து சார் அளவெடுக்க வருவதற்கு முதல் நாள், மத்தியானம் தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன்.

"எங்க மேடம், சம்ப்லயா?"

"இதுல" என்று பூட்டைத் திறந்தேன்.

"மேடம், இது போர். இதுலேர்ந்துதான் தண்ணி எடுக்கணும்."

"உனக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க நேரமில்லை, ஊத்துப்பா."

ஊற்றினான். முதலில் அவன் பயந்தான், எனக்கும் பயம்தான், உள்ளே போய் உலகத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுமோ என்று. இல்லை. பாறை கெட்டியான பாறை. லாரியில் கால்வாசிகூடத் தீரவில்லை, வாய் வரைக்கும் வந்து நின்றது. மிச்சத்தை என் சம்ப்பில் விட்டேன், வீணாக்க முடியுமா?

மறுநாள் சார் வந்தார். டேப்பை விட்டார், உடனே தண்ணீர்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டார். எடுத்தார், துடைத்தார், மறுபடி விட்டார். நான் இதே வாசற்படியில் நின்றிருந்தேன். அவர் திரும்பினபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண்ணில் நீர் நின்றது. "மேடம், பாறைக்குள்ள தண்ணி திரும்பி வருது. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. இந்தத் தெரு ஜனங்க சிக்கனமா இருந்ததோட பலன் இது" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை, கவனியுங்க. மாரல் சயின்ஸில் நான் எப்போதும் முதல். பொய் என்பது வாயால் சொல்வது. நான் ஊற்றினேன், அவர் சொன்னார், நான் ஆமாம் என்றேன். பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசினால்தான் தப்பு.

அவர் அதை வைத்து ஏதோ ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தாராம், 'கங்கா அவென்யூ அனுபவம்' என்று. கைதட்டினார்களாம். அடுத்த அளவு எடுக்கும் முன்பே பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல், அதற்கப்புறம் அளக்க வந்தது நீங்கதான். போகிற அன்றைக்கு எனக்கு ஒரு மைசூர்பாகு டப்பா கொண்டுவந்து கொடுத்து, "எல்லாம் நீங்க கொடுத்த ஒத்துழைப்பு மேடம்" என்றார். நெய் கொஞ்சம் தூக்கல்.

ஆடி கழிந்து படம் வந்தது. எங்கள் தெரு நீலம். சுற்றிலும் சிவப்பு, நடுவில் நாங்கள் மட்டும் குளம் மாதிரி. மாப்பிள்ளை அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார், கூடவே கும்பிடுகிற கை ஒன்று. சம்பந்தியம்மா போன் பண்ணி, "சரி, உங்க விருப்பப்படியே ஆகட்டும், கார்த்திகைல வளைகாப்பு போட்டு அனுப்பி வைக்கறோம்" என்றது. குரல் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

இதுவரைக்கும் ஏதாவது தப்பு இருக்கிறதா? இல்லையே. தப்பெல்லாம் இதற்கு அப்புறம் மற்றவர்கள் பண்ணினது.

மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசி முழுக்க நாலு தூறல். எங்கள் போர் காற்றைக் கக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் ஆற்றுத் தண்ணீர்க் குழாய்த் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டோம். பக்கத்து மனைப்பிரிவில் குழி தோண்டி, குழாய் பதித்து, குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது. எங்கள் தெரு முனையில் வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். நான் விடுவேனா? தலைவரையும் ஆடிட்டரையும் கூட்டிக்கொண்டு குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த என்ஜினியர் பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அதே படம். "மேடம், வறட்சி இருக்கற எடத்துக்குத்தான் முதல் கட்டம். உங்க ஏரியா நீலம். தண்ணி பொங்கிக்கிட்டு நிக்குது. உங்களைத்தான் மத்தவங்களுக்கு உதாரணமா காட்டறோம்" என்றான்.

தலைவர் என்னைப் பார்த்தார். "எப்படிம்மா இது நீலம் ஆச்சு, சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டார். இலாகா எதை ஒழுங்காகச் செய்திருக்கிறது சார், இதைச் செய்ய என்று ஒரு போடு போட்டேன். நியாயமான கோபம்தானே? ஒரு கிணற்றை, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மனுஷர் வந்து பார்த்துவிட்டு ஒரு தெருவுக்கே சாயம் பூசினால் அது என்ன விஞ்ஞானம்? யாராவது தண்ணீரை ஊற்றிவைத்தால் என்ன செய்வது என்று உங்கள் ஆபீசில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லையே. இந்தக் கோகிலவாணியிடம் மட்டும் டேங்கர் விஷயத்தைச் சொல்லிவிடாதீங்க, புதிதாக ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ணிவிடுவாள்.

புதன்கிழமை வளைகாப்பு. மறுநாள் சாருவைக் கூட்டி வரணும். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி போட்டாகிவிட்டது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட மணையும் தேய்த்து வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும்தான் இல்லை. லோகு வாரத்துக்கு ஒரு லாரிக்கு மேல் முடியாது என்கிறான், அவனுக்கே கிணறு வற்றிவிட்டதாம். நேற்று சாரு போன் பண்ணினாள். "அம்மா, நான் இங்கயே இருந்துக்கறேம்மா. நீ வந்து என்கூட இரு. எனக்கு நீ இருந்தாப் போதும், வீடு எதுவா இருந்தா என்ன?" என்கிறாள். பாருங்க, அந்த அம்மா என் பெண் வாயில் புகுந்து எப்படிப் பேசுகிறது என்று. பெற்றவள் நான், மகள் மாமியார் வீட்டில் போய் விருந்தாளி மாதிரி அவர்கள் அண்டாவில் அவர்கள் தண்ணீரை மொண்டு நிற்பேனா? அந்த வாழை மரம் என்னைப் பார்த்துச் சிரிக்காது? "மூட்டையைக் கட்டி வை, அப்பா வந்து கூட்டிட்டு வருவார்"ன்னு சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் அவள் எடுக்கவில்லை. அலைச்சல், தூங்கியிருப்பாள்.

என் வீட்டுக்காரர், "ஊத்தினதைப் புதுசா வர்ற ஆபீசர் பொண்ணுகிட்ட ஒழுங்கா சொல்லிடு வசு, அவங்க மே மாச அளவைத் திருத்தினாக் குழாயாவது வரும்" என்றார். அதைத்தான் இப்போது சொல்லி முடித்திருக்கிறேன். எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. இன்றைக்கு எடுத்த அளவை அப்படியே எழுதுங்க. அடிமட்டத்தில் இருக்கிறது என்று எழுதுங்க. சிவப்பே அடிங்க, ரத்தச் சிவப்பாக அடிங்க. அப்போதுதான் குழாய்க்காரன் வருவான்.

ஆனால் மாப்பிள்ளை காலையில் பல் விளக்கும் முன்னால் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறாராம். பார்த்தால் அம்மாவிடம் காட்டாமல் இருக்க மாட்டார். காட்டினால் சாரு வர மாட்டாள்.

அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்கிறேன் அம்மா, என் பெண் மாதிரி இருக்கீங்க, அந்த உரிமையில். குழாய் போடுகிறவர்கள் பார்க்கிற படத்தில் எங்கள் தெருவைச் சிவப்பாக்கிவிடுங்க. கும்பகோணத்தில் பார்க்கிற படத்தில் மட்டும், பிள்ளை பிறந்து பெயர் வைக்கிற வரைக்கும், அந்த நீலம் அப்படியே இருக்கட்டும். கம்ப்யூட்டர்தானே, உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. செய்து கொடுப்பீங்களா?

என்னம்மா, பேனாவை மூடிட்டீங்க. செய்வீங்கதானே?